பெயின்டுக்கு முன்னாடி கம்பியைப் பாருங்க

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கடலோரத்தில் வீடு இருக்கிற நண்பர்களுக்கு இது பழகின காட்சிதான். பால்கனி அடியில் நீளமா ஒரு விரிசல், அதில் துருக்கறை, கீழே உதிர்ந்து கிடக்கும் காரை. ஆனா வீட்டைப் புதுப்பிக்கலாம்னு முடிவானதும் பேச்சு பெயின்ட், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங்னுதான் ஆரம்பிக்கும். கடலோர வீட்டுக்கு இந்த வரிசை ஆபத்தானது. ஏன்னு பார்ப்போம்.

கான்கிரீட்டின் காரத்தன்மை, உள்ளே இருக்கும் கம்பி மேல ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வெச்சிருக்கும். உப்புக்காற்றில் வரும் குளோரைடு நுண்துளைகள் வழியா உள்ளே போய் அந்தப் படலத்தை உடைச்சிடும். கம்பி துருப்பிடிச்சா, அந்தத் துரு இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல இடம் எடுக்கும். இடம் பத்தாம கான்கிரீட் பிளக்கும், அந்தப் பிளவு வழியா இன்னும் உப்பு போகும். இதனாலதான் ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலை 'கடுமையானது'ன்னு வகைப்படுத்தி 45 மி.மீ. கவரும் குறைந்தது எம்30 கான்கிரீட்டும் கேட்குது. பழைய வீட்டில் அது இருக்கும்னு நம்பிடாதீங்க.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்க. 8-ஆம் நூற்றாண்டுக் கல்லையே உப்பு அரிச்சிருக்கு. தொல்லியல் துறை என்ன செஞ்சது? காகிதக் கூழ் பூசி கல்லுக்குள் இருந்த உப்பை உறிஞ்சி எடுத்தாங்க. காற்றைத் தடுக்க சவுக்கு நட்டாங்க, அலையைத் தடுக்க கல் அணை போட்டாங்க. காரணத்தை முதலில் கவனிச்சாங்க. நம்ம வீட்டுக்கும் அதே வரிசைதான்.

1. அனுமதி: 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இதுக்குள் வீடு இருந்தா புதுப்பிக்கவும் அனுமதி வேணும். மாமல்லபுரம் ஊருக்குள் பல தெருக்கள் இந்த எல்லைக்குள்ளதான் வரும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

2. பரிசோதனை: தளத்தின் அடிப்பகுதியைச் சின்ன சுத்தியலால மெல்லத் தட்டுங்க. கெட்டியான சத்தம் வந்தா நல்லது. பொள்ளலா கேட்டா உள்ளே காரை விட்டிருக்கு. அந்த இடங்களைச் சாக்பீஸால குறிச்சு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட காட்டுங்க.

3. தண்ணீர்: மொட்டை மாடி ஒழுகல், பாத்ரூம் கசிவு, சுவரில் ஏறும் ஓதம் எல்லாத்தையும் முதலில் நிறுத்துங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துடும், அதுக்கு முன்னாடி மாடி வேலை முடியணும்.

4. கம்பி: முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரைக்கும் கொத்தி எடுக்கணும். துருவைச் சுத்தமா நீக்கி, கம்பி எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு அளக்கணும். தேவைப்பட்டா புதுக் கம்பி சேர்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடிச்சு, பாலிமர் கலந்த மோர்ட்டார் வைக்கணும். துரு மேலயே சிமென்ட் பூசினா உள்ளே அரிப்பு நிற்காது. கலக்கவும் க்யூரிங்குக்கும் நல்ல தண்ணி வேணும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணி கரிச்சா டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

5. அழகு: வயரிங், குழாய் வேலை முடிஞ்ச பிறகுதான் பட்டி, பெயின்ட், டைல்ஸ். விரிசல் விட்ட தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டா விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். காரை பெயர்ந்து விழுந்தா அது தாங்காது. கீழே தூங்கறது நம்ம பாட்டியோ தம்பியோதான்.

பட்ஜெட் போடும்போது முதல் நாலுக்கும் பணம் ஒதுக்கிட்டு, மீதியில் ஐந்தாவதைத் திட்டமிடுங்க. பூச்சைக் கொத்தினதும் எதிர்பாராத சேதம் தெரியலாம், அதனால பத்தில் ஒரு பங்காவது கையில் வெச்சுக்கோங்க. இந்த லீவில் ஊருக்குப் போனதும் பால்கனி அடியைத் தட்டிப் பாருங்க. பொள்ளலா கேட்டா, பெயின்ட் கலர் பேச்சை நிறுத்திட்டு அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க.