மனைக்கோழிக்குக் காவல்

சோழ நாட்டு மனைகளுக்கும் கோழிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைக் கூறும் பட்டினப்பாலை, முற்றத்தில் உலரும் உணவுப்பொருளைத் தின்ன வந்த கோழியை மகளிர் தம் காதணியை எறிந்து ஓட்டியதாகக் காட்டுகிறது. பொற்குழையால் கோழி ஓட்டும் செல்வம் இன்று இல்லை. கோழியோ இன்றும் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துச் சிற்றூர்களில், நிலமில்லாத உழைப்பாளர் குடும்பங்கள் பலவற்றிற்குக் கொல்லையில் மேயும் நாலைந்து கோழிகளே சேமிப்பு. பிள்ளைகளின் எழுதுபொருளுக்கும் அவசர மருந்துக்கும் அவையே பணமாகும். அச்சேமிப்பு ஒரே இரவில் அழிந்துபோவதும் உண்டு.

கோழியின் பகைகள் பல. பகலில் பருந்தும் வல்லூறும் காகமும் குஞ்சுகளைக் கவர்ந்து செல்லும். கீரி வைக்கோற்போரின் மறைவிலிருந்து பாயும். இரவில் மரநாய், காட்டுப்பூனை, நரி ஆகியவை வரும். பாம்பு முட்டையையும் இளங்குஞ்சையும் விழுங்கும்.

இவற்றிலிருந்து கோழி தன்னைக் காத்துக்கொள்ள இயலாதா? பகலில் ஓரளவு இயலும். வானில் பருந்து தோன்றினால் சேவல் ஒருவகையாகக் குரல் கொடுக்கும்; தரையில் பகை தோன்றினால் வேறுவகையாகக் கொடுக்கும். முதற்குரல் கேட்டவுடன் கூட்டம் மறைவிடம் தேடி ஓடும்; மற்றக் குரலுக்கு நிமிர்ந்து நின்று நாற்புறமும் நோக்கும். இவ்வேறுபாட்டை அறிஞர்கள் ஆராய்ந்து கண்டுள்ளனர். ஆனால் இருள் சூழ்ந்தபின் கோழிக்குக் கண் நன்றாகத் தெரியாது. அதன் முன்னோராகிய செங்காட்டுக்கோழி மரக்கிளையில் உறங்கி உயிர் காத்தது. வீட்டுக்கோழி முருங்கைக் கிளையில் அடைந்தாலோ, மரமேறும் மரநாய்க்கு எளிய இரையாகிவிடும்.

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு பேடையைக் காட்டுகிறார். மாலையில் காட்டுப்பூனைகள் வேலிப்புறம் வந்துவிட்டன. ஒதுங்கும் இடம் அறியாத பேடை தன் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கிறது. அப்பேடைக்கு அன்பில் குறைவில்லை, புகலிடமே இல்லை. அப்புகலிடத்தை அமைத்துத் தருவது வளர்ப்போரின் கடமையன்றோ?

கூட்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், கால்கள் நட்டு அமைத்தல் நன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் கொல்லையில் நீர் தேங்கினாலும் கூடு நனையாது. மண்ணைத் தோண்டி உள்ளே நுழையவும் இயலாது. கால்களில் வழவழப்பான தகரத்தைச் சுற்றினால் எலி ஏறுவது அரிது. பக்கங்களுக்கு அரை அங்குலத்திற்கு மேற்படாத கண்ணுள்ள இரும்புக் கம்பிவலை வேண்டும். கதவுக்கு உறுதியான தாழ் இருத்தல் வேண்டும்.

இளங்குஞ்சுகளைச் சில வாரங்கள் பகலில் பஞ்சாரத்தின் கீழ் விடலாம். மீனவர் கழித்த பழைய வலையைக் கொல்லையின் ஒரு பகுதிக்கு மேலே விரித்துக் கட்டினால் பருந்து இறங்காது. செடிகளும் முள்வேலியும் உள்ள இடத்தில் கோழிகள் ஓடி ஒளியும். முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடல் வேண்டும். சிந்திய தானியம் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். ஆகவே தூய்மையும் ஒரு காவலே.

சிலர் கோழியை இழந்த சினத்தில் இறைச்சியில் நஞ்சு கலந்து வைப்பர். இது பெருந்தவறு. கீரியும் நரியும் காட்டுப்பூனையும் வயல் எலிகளைத் தின்று நெற்பயிரைக் காப்பவை. அவற்றைக் கொன்றால் கோழி பிழைக்கலாம். பயிரை எலி அழிக்கும். வைத்த நஞ்சு தெருநாயையும் காகத்தையும்கூடக் கொல்லும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விலங்குகளைக் கொல்லுதலைத் தடுக்கிறது. கூடு உறுதியானால், பசித்து வந்த நரி வயலுக்கே திரும்பும்.

எத்துணை நல்ல கூடு இருந்தாலும், ஒரு மாலை கதவு திறந்து கிடந்தால் அத்தனை உழைப்பும் வீணாகும். ஆதலின், பொழுது சாயுமுன் கோழிகளை அழைத்து, எண்ணிப் பார்த்து, தாழிடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றல் வேண்டும். மாணவர்களே! அந்தப் பொறுப்பு உங்களுக்கு உரியதாகட்டும். சில நிமிடங்களே ஆகும் அவ்வேலை, உங்கள் அன்னையின் சேமிப்பைக் காக்கும்.