பறவைக் குரலைப் பதிவது எதற்காக?

நம்பிக்கை: என்ன பறவை என்று தெரிந்துகொள்ளத்தான்.

உண்மை: பெயர் தெரிவது தொடக்கம் மட்டுமே. பறவை எதற்காகக் குரல் கொடுக்கிறது என்பதைப் பதிவை வைத்துக் காட்டிலேயே சோதிக்கலாம். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடும். அந்தக் கூட்டத்தில் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அச்சு அசலாக எழுப்பும். எபன் குடேலும் சரத் கொட்டகமவும் அதைப் பதிந்து ஒலிபெருக்கியில் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். கரிச்சானின் சொந்தக் குரல் மட்டும் இருந்த பதிவைவிட, பிற இனக் குரல்கள் கலந்த பதிவே மற்றப் பறவைகளை அதிகம் ஈர்த்தது. 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஆபத்து வேளையில் கரிச்சான் எழுப்புவது பிற பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களையும் வேட்டையாடிகளின் குரல்களையும்; மற்ற வேளையில் பாட்டுகளையும் சாதாரண அழைப்புகளையும். வெறும் போலிக்குரல் என்று ஒதுக்கியிருந்தால் இவ்வளவும் கண்ணில் படாமலே போயிருக்கும்.

நம்பிக்கை: பாடுவது ஆண் மட்டுமே.

உண்மை: இந்த எண்ணம் பெரிதும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேர்விட்டது. 2014இல் வெளியான ஆய்வொன்று தகவல் கிடைத்த 323 பாடும் பறவை இனங்களை அலசியது. அவற்றில் 71 சதவீத இனங்களில் பெட்டையும் பாடுகிறது. பாடியது ஆணா பெட்டையா என்று பார்க்க முடியவில்லையா? தெரியாது என்றே குறித்துவையுங்கள்.

நம்பிக்கை: விலை உயர்ந்த மைக் இருந்தால் போதும்.

உண்மை: நல்ல மைக் உதவும்தான். ஆனால் நடத்தையை ஆராய்பவருக்கு அதைவிட முக்கியம், பதிவு முடிந்த கையோடு மைக்கிலேயே பேசிவைக்கும் நாலு வரி: "காலை ஆறு இருபது, ஓடைக்கரை, இரண்டு ஆள் உயரக் கிளை, ஒற்றைப் பறவை, வல்லூறு கடந்துபோனதும் கத்தத் தொடங்கியது." அந்தக் கடைசித் துண்டு இல்லாவிட்டால், கேட்டது எச்சரிக்கையா சண்டையா என்று பிற்பாடு எந்த மென்பொருளை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பை வேவ் வடிவிலேயே வையுங்கள். எம்பி3 நுணுக்கமான ஒலிகளைக் கழித்துவிடும்.

நம்பிக்கை: செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதில் கெடுதல் இல்லை.

உண்மை: இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் ஜான் கிரெப்ஸ் 1970களில் பெரிய பட்டாணிக்குருவிகளை அவற்றின் இடங்களிலிருந்து அப்புறப்படுத்தினார். சில இடங்களில் அவற்றின் பாட்டை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார், சிலவற்றில் ஊதுகுழல் ஓசை, சிலவற்றில் எதுவுமில்லை. பாட்டு ஒலித்த இடங்களில் புதிய குருவிகள் குடியேறத்தான் அதிக நேரமானது. அவற்றுக்கு அந்தப் பெட்டி, இடத்தைக் காக்கும் இன்னொரு குருவி.

உங்கள் செல்பேசியும் அப்படித்தான். அத்துமீறி நுழைந்த போட்டிக்காரனை விரட்டத்தான் பறவை பறந்து வருகிறது, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு. ஒரு படத்துக்காக இதைத் திரும்பத் திரும்பச் செய்வது கொடுமை. பொறுப்புள்ள ஆய்வாளர்கள் உரிய அனுமதியோடு, தேவையான சில நிமிடங்கள் மட்டும் ஒலிக்கவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒளிப்படத்துக்கு அதுகூடத் தேவையில்லை. பறவை தானாகப் பாடும் விடியல் வேளையில் காத்திருந்தாலே போதும்.