ஆகாய கங்கைக்குக் கிளம்பும் முன் முழங்காலைக் கேளுங்கள்

‘சனிக்கிழமை போய் ஞாயிறு ராத்திரி திரும்பிடுவோம் டாக்டர்’ என்று கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்களில் சிலர், செவ்வாய்க்கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியது, வாசலூர்பட்டியில் படகில் போனது எல்லாம் சந்தோஷமாகச் சொல்வார்கள். வம்பு ஆரம்பிப்பது அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு இறங்கும் படிகளில்தான்.

மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம். முடியவில்லையென்றால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ். ஆயிரத்துக்கும் அதிகமான படிகளை முதலில் இறங்க வேண்டும். மூச்சு வாங்காது. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். குளித்துவிட்டு, பசியோடு, உச்சி வெயிலில் அத்தனை படியும் ஏறியாக வேண்டும் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

இறங்குவது சுலபம் என்பதும் தப்புக்கணக்கு. ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப் போல் சுமார் 3 மடங்கு பாரம் முழங்காலில் விழுகிறது. தொடைத் தசை பிரேக் மாதிரி வேலை செய்கிறது. அதன் வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போது தெரியும். கையில் ஒரு தடி, வழுக்காத காலணி, ஈரப் பாறையில் தாவாத புத்தி இவை போதும்.

ஒரு சோதனை சொல்கிறேன். 100 படி இறங்கியதும் நின்று, 50 படி திரும்ப ஏறிப் பாருங்கள். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் அருவியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், ஏரியும் கோயிலும் இருக்கவே இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டவர்கள் வெறும் வயிற்றோடு இறங்கவே கூடாது.

ஏறும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், ‘வாயுதான், கொஞ்சம் பெருங்காயம் குடு’ என்று சொல்லாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: அங்கேயே உட்கார வையுங்கள், ஒரு படிகூட ஏறவிடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கால் பிசகினால் உடனே உருவிவிட வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லையா, எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். புளிப் பற்றெல்லாம் அதற்கப்புறம்.

திரும்பும் வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி இனம்; ரோமம் மூடி, பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். அதன் சூப்பைக் குடித்தால் தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அலுத்த உடம்புக்கு இதமான சூப் அது. ரோமத்தோலை நன்றாகச் சீவிவிட்டு, நறுக்கி நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, உப்புச் சேர்த்துச் சூடாகக் குடியுங்கள்.