மெய்நிகர் நினைவகமும் கணிப்பொறியின் நிலைகுலைவும்

முன்னுரை

ஏட்டிலும் தாளிலும் வளர்ந்த தமிழாய்வு இன்று கணிப்பொறியின் துணையை நாடி நிற்கிறது. ஆய்வேட்டைத் தட்டச்சிடும் மாணவர், சுவடிப் படிமங்களையும் அகராதிகளையும் ஒருங்கே திரையில் திறந்து வைத்து எழுதுகின்றனர். அவ்வேளையில் கணிப்பொறி உறைந்து நின்றாலோ, நீலத்திரை காட்டி அணைந்தாலோ, சேமிக்கப்பெறாத பக்கங்கள் மீளாமற் போகின்றன. அந்நிலையில் அருகிலிருப்போர் கூறும் முதல் அறிவுரை, 'விர்ச்சுவல் மெமரியைக் கூட்டி வையுங்கள்' என்பதாகும். அவ்வறிவுரை எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்பதை ஈண்டுக் காண்போம்.

பெயரும் பொருளும்

விர்ச்சுவல் மெமரி தமிழில் மெய்நிகர் நினைவகம் எனப்படுகிறது. 'நிகர' என்பது நம் இலக்கணம் கூறும் உவம உருபுகளுள் ஒன்று. முகத்தை நிலவு என்பதால் முகம் நிலவாகிவிடாது. அதுபோல, மெய்நிகர் நினைவகத்தின் பொருட்டு வட்டில் ஒதுக்கப்படும் இடமும் நினைவகத்தை ஒத்ததேயன்றி நினைவகம் அன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

படிப்போனின் மேசை ராம் எனப்படும் நினைவகம், அலமாரி வட்டு. மேசை நிறைந்ததும் உடனடித் தேவையற்ற நூல்களை அலமாரியில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம். விண்டோஸ் இதற்கென வட்டில் 'பேஜ் ஃபைல்' என்னும் கோப்பை வைத்துள்ளது.

இம்முறை புதியதன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கணிப்பொறி 1962-இல் இயங்கத் தொடங்கியது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்களை மட்டுமே கொள்ளும். காந்த உருளையோ 98,304 சொற்களைக் கொள்ளும். 'சொல்' என்பது அங்கு 48 பிட் கொண்ட அலகு. இரண்டையும் ஒரே நினைவகம் போல் இயங்கச் செய்ததே அவர்களது சாதனை. எனினும், எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது கழிந்து, படிப்பு நடைபெறாத நிலையும் உண்டு. 'த்ராஷிங்' எனப்படும் இதனைப் பீட்டர் டென்னிங் 1968-இல் ஆராய்ந்தார்.

காரணம் அறிதல்

அமைப்பை மாற்றுமுன் காரணத்தை அறிதல் வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் 'மெமரி' என்பதைத் தெரிவு செய்தால், 'கமிட்டட்' என்பதன்கீழ் இரு எண்கள் தோன்றும். முன்னது பயன்பாட்டுக்கு ஒப்புக்கொண்ட அளவு, பின்னது உச்சவரம்பு. அவ்வரம்பு ஏறத்தாழ ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகையாகும்.

1. பல செயலிகளைத் திறந்தபின், நினைவகம் குறைந்துவிட்டதென்னும் அறிவிப்புடன் செயலிகள் மூடிக்கொண்டால், முன்னெண் பின்னெண்ணை நெருங்கியிருக்கும். அமைப்பை மாற்றினால் பயன் விளைவது இங்குதான்.
2. செயலிகள் மூடாமல் கணிப்பொறி மிக மெதுவாக ஊர்ந்தால், மேசை சிறிது என்பது பொருள். ராமைக் கூட்டுவதும், திறந்தவற்றைக் குறைப்பதுமே வழி.
3. புதிய பணி ஏதுமின்றி முன்னெண் ஓயாமல் ஏறினால், ஏதோவொரு செயலி நினைவகத்தைக் கசியவிடுகிறது. வரம்பை உயர்த்துவது வீழ்ச்சியைத் தள்ளிப்போடுமேயன்றித் தடுக்காது.
4. பணி குறைவாயிருந்தும் நீலத்திரை தோன்றினால், பழுதுற்ற ராம், பொருந்தா டிரைவர், மிகுவெப்பம் போன்றவற்றை ஐயுறல் வேண்டும். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' கொண்டு ராமைச் சோதித்தல் நலம்.

அமைக்கும் முறை

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், தேடல் பெட்டியில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' எனத் தேடித் திறக்க வேண்டும். 'பெர்ஃபாமன்ஸ்' என்பதன்கீழ் 'செட்டிங்ஸ்', பின் 'அட்வான்ஸ்டு', பின் 'விர்ச்சுவல் மெமரி' என்பதன்கீழ் 'சேஞ்ச்' என முறையே செல்ல வேண்டும். அங்கு, அளவைத் தானே நிர்வகிக்கும் 'ஆட்டோமேட்டிக்' தெரிவு இருந்தால் அதனை அப்படியே விடுவது பெரும்பாலும் தக்கது. ஆயினும் வட்டில் இடம் இருந்தால்தான் கோப்பு வளர இயலும். ஆதலின் முதற்பணி, வட்டில் தேவையற்றவற்றை நீக்குவதாகும்.

யாரேனும் முன்னர்ச் சிற்றளவாக வரையறுத்திருந்தாலோ, முற்றிலும் நீக்கியிருந்தாலோ, அத்தெரிவை மீட்க வேண்டும். தாமே அளவிட விரும்புவோர் 'கஸ்டம் சைஸ்' என்பதில் மெகாபைட் கணக்கில் எழுதலாம். 1 ஜிபி என்பது 1024 எம்பி. சான்றாக, 8 ஜிபி ராம் உள்ள கணிப்பொறிக்குத் தொடக்க அளவு 8192, உச்ச அளவு 16384 எனத் தரலாம். எழுதியபின் 'செட்' பொத்தானை அழுத்தாவிடில் மாற்றம் பதியாது. பின்னர் 'ஓகே' கொடுத்து, கணிப்பொறியை மீளத் தொடங்குதல் நன்று.

வட்டிடத்தை மிச்சப்படுத்த எண்ணிப் பேஜ் ஃபைலை அறவே நீக்குதல் தவறு. கணிப்பொறி வீழும்போது நினைவகத்தின் நிலையைப் பதிவு செய்யவும் அது துணைபுரிகிறது. அப்பதிவு கிட்டாவிடில் காரணத்தைத் தேடும் வழியும் அடைபடும்.

முடிவுரை

உவமையைப் பொருளென மயங்காதிருப்பதே இங்கும் நாம் கொள்ளத்தக்க நெறி. மெய்நிகர் நினைவகம் இடநெருக்கடியைத் தணிக்கும். பழுதுற்ற உறுப்பைச் செப்பனிடாது. இவ்வமைப்பு சேமிக்காத பக்கத்தை மீட்டுத் தருவதில்லை. ஆதலின் மாணவர்கள் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கோப்பைச் சேமித்து, நாள்தோறும் வேறொரு வட்டிலும் ஒரு படியெடுத்து வைப்பார்களாக. ஈராண்டு உழைப்பைக் காக்க அது போதும்.