கடலுக்கு ஏது விடுமுறை?

"ஏன்யா, கடலுக்கும் பூட்டுப் போட்டுட்டாங்களா?"

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. தினமும் மாலையில் கடற்கரையோரம் காலாற நடந்து பழகிய என் பாட்டி அன்று கேட்ட கேள்வி இது. நான்காம் படிவ மாணவனாக இருந்த நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் இன்றுதான் அக்கேள்வியின் ஆழம் எனக்குப் புரிகிறது. கரையைப் பூட்டலாம்; கடலைப் பூட்ட முடியுமா? கடலையே ஆய்வுக்கூடமாகக் கொண்ட ஒரு நிலையம், மனிதர் வெளியே வரக்கூடாத காலத்தில் எப்படி இயங்குவது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

நம் வாசலில் ஓர் ஆய்வு நிலையம்

கொம்தாரில் 101ஆம் எண் பேருந்து ஏறினால் தெலுக் பஹாங் வரை போகலாம். அங்கிருந்து தொடங்குகிறது 2003இல் அரசிதழில் பதிவு செய்யப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா. அதற்குள், தெலுக் அலிங் கடற்கரையில், நமது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வு மையம் அமைந்துள்ளது. சாலை வசதி கிடையாது. படகில் செல்ல வேண்டும். அல்லது காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். பினாங்கில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க அவ்வழியே நடந்திருப்போம். ஆனால், வழியிலிருக்கும் அந்நிலையத்தில் என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானும் கேட்டதில்லை.

இத்தகைய நிலையத்தின் பணிகளை மூன்றாகப் பிரிக்கலாம்: உயிர்களை வளர்த்தல், அளவுகளைப் பதிவு செய்தல், கற்பித்தல். பெருந்தொற்று இம்மூன்றையும் வெவ்வேறு விதமாகச் சோதித்தது.

உயிர்கள் காத்திருக்கா

அலுவலகத்தை மூடிவிட்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம். சிப்பிக் குஞ்சுகளை அப்படி விட்டுவிட முடியாது. சிப்பியின் இளவுயிரி ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் நீரில் நீந்தித் திரிந்த பிறகுதான் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுவரை அதற்கு நுண்பாசி உணவு தேவை. தொட்டி நீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த நுண்பாசியும் ஓர் உயிர்தானே! ஒளியும் ஊட்டமும் கொடுத்து அதையும் தனியாக வளர்க்க வேண்டும். சில நாள் கவனிக்காமல் விட்டால் பல மாத உழைப்பு வீணாகிவிடும்.

அதே பூங்காவிலுள்ள பந்தாய் கெராச்சுட்டில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஆமை முட்டைகள் பொரிக்க ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். மார்ச் தொடக்கத்தில் இடப்பட்ட முட்டைகள் எப்போது பொரிக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே தொடக்கம் வரை! முதல் கட்டுப்பாடு மே 4ஆம் நாள்தான் தளர்த்தப்பட்டது. அடைகாலத்தின் பெரும்பகுதி ஊரே அடங்கியிருந்த காலம். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும் என்பதால், அக்காலத்தில் வெப்பத்தைக் கண்காணிப்பதும் அவசியம். எனவே, ஆள் எண்ணிக்கையைக் குறைத்து, முறை வைத்து, உயிர் காக்கும் வேலையை மட்டும் தொடர்வதே இத்தகைய இடங்களுக்கு ஏற்ற வழி.

அறுந்தால் ஒட்டாத பதிவு

மூக்கா ஹெட்டில் 2015 நவம்பர் முதல் ஒரு கருவித் தொகுதி காற்றுக்கும் கடலுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை அளந்து வந்துள்ளது. காற்றின் மேல்கீழ் அசைவையும் அதிலுள்ள கரியமில வாயுவின் அளவையும் ஒரு நொடியில் பல முறை அளந்து, இரண்டையும் இணைத்துக் கணக்கிட்டால், கடல் அவ்வாயுவை உறிஞ்சுகிறதா வெளிவிடுகிறதா என்று அறியலாம். வெப்பமண்டலக் கரையோரக் கடலில் இத்தகைய தொடர் அளவீடுகள் குறைவு. அதனால்தான் அதற்கு மதிப்பு அதிகம்.

இவ்வகைக் கருவிக்குப் பக்கத்தில் எப்போதும் ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆனால், உப்புப் படிவதைத் துடைக்கவும் மின்சாரத்தைச் சரிபார்க்கவும் யாராவது போகத்தான் வேண்டும்.

உலக அளவிலும் இதே கதைதான். 2020 மார்ச்சில் ஆராய்ச்சிக் கப்பல்கள் ஏறக்குறைய அனைத்தும் துறைமுகங்களுக்குத் திருப்பி அழைக்கப்பட்டன. அப்போது கைகொடுத்தவை தானியங்கிக் கருவிகளே. 'ஆர்கோ' என்னும் திட்டத்தின் ஏறக்குறைய 4,000 மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை சென்று, மேலே வந்து, துணைக்கோள் வழியே தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. ஆனால், பழுதான மிதவைக்கு மாற்றாகப் புதியதை இறக்கக் கப்பல் வேண்டுமே! இயந்திரம் மனிதனுக்குக் கொஞ்ச காலம்தான் ஈடுகொடுக்கும்.

வதந்தியும் தரவும்

'மனிதன் அடங்கினான், இயற்கை மீண்டது' என்ற செய்திகள் அப்போது நம் திறன்பேசிகளை நிறைத்தன. அவற்றுள் ஒன்று ஒடிசாவின் ருஷிகுல்யா கடற்கரை பற்றியது. ஊரடங்கினால்தான் அங்கே ஆமைகள் இலட்சக்கணக்கில் முட்டையிட வந்தன என்றார்கள். நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன். ஆனால், 2018இல் ஊரடங்கு ஏதும் இல்லாமலேயே அங்கு ஆமைகள் பெருந்திரளாக வந்தன. 2019இல் அவ்வாறு வரவில்லை. முந்தைய ஆண்டுகளின் பதிவைப் புரட்டியவர்கள் ஏமாறவில்லை.

மாறாக, கனடாவின் வான்கூவர் அருகே கடலடி ஒலிவாங்கிகள், கப்பல் போக்குவரத்து குறைந்ததால் இரைச்சலும் குறைந்ததைக் காட்டின. இதை நம்பலாம். ஏன்? முன்பிருந்தே ஒலி பதிவு செய்யப்பட்டிருந்தது, ஒப்பிட முடிந்தது. 'நேற்று' எப்படி இருந்தது என்று தெரியாதவன் 'இன்று' மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அறிவியலில் நான் கற்ற பெரிய பாடம் இதுதான்.

திரைக்குள் கடல்

மூன்றாவது பணியான கற்பித்தல் இயங்கலைக்கு மாறியது. தோக்கியோவின் சுமிடா மீன்காட்சியகத்தில், பார்வையாளர் இல்லாததால் மனிதரைக் கண்டு ஒளியத் தொடங்கிய ஏறக்குறைய 300 தோட்ட விலாங்குகளுக்காக, 2020 மே மாதம் பொதுமக்களைக் காணொலியில் அழைக்கச் சொன்னார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நல்ல உத்திதான்!

ஆனால், திரை எல்லாருக்கும் சமமாகத் திறக்கவில்லை. சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத இணைய வசதி தேடி மரத்தில் ஏற வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் தம்பிக்கும் எனக்கும் ஒரே திறன்பேசி. உயிரியல் செய்முறைப் பாடத்தைக் கைவிரல் அளவுப் படத்தில் பார்த்தேன். அலையின் ஈரமும் சேற்றின் வாசனையும் அதில் வரவில்லை. களப்பணியை நம்பியிருந்த ஆராய்ச்சி மாணவர்களின் இழப்பு இதைவிடப் பெரிது. ஒரு பருவத்தின் மாதிரிகளைத் தவறவிட்டால் அந்தப் பருவம் திரும்ப வராது.

நாம் செய்யக்கூடியது

தமிழ்ப்பள்ளியில் 'வாழிடம்', 'நீடுநிலவல்' என்று அறிவியல் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அச்சொற்கள் என்னைவிட்டுப் போயின. பாட்டியின் கேள்விக்கு அன்று விடை சொல்ல முடியாததற்கு அறியாமை மட்டும் காரணமன்று. தமிழில் சொல்லும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

நண்பர்களே, அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், அதற்கு முந்தைய 'நேற்றை' இன்றே பதிவு செய்யலாம். நம் மொழிக் கழகம் பினாங்கில் ஒரே ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நீரின் வெப்பத்தையும் கரையொதுங்கும் குப்பையையும் உயிர்களையும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதுவோம். ஒரு வெப்பமானியும் ஒரு பேனாவும் போதும். நமக்குப் பின் வரும் மாணவர்கள் அதைத் தொடரட்டும்.

பாட்டிக்கு இப்போது விடை சொல்லிவிட்டேன்: "கடலுக்குப் பூட்டே கிடையாது பாட்டி. அதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களும் கண்ணை மூடக்கூடாது."