நீ வெறுப்பவனை வைத்துப் பேசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். ‘கொலை செய்தவனுக்குத் தூக்கு வேண்டுமா’ என்ற பட்டிமன்றத்தில் வேண்டும் என்கிற அணியில் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். ‘பச்சைக் குழந்தையைக் கொன்றவனுக்கு நம் வரிப்பணத்தில் மூன்று வேளைச் சோறா?’ என்று வீட்டில் சண்டையே போட்டாயாமே. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது வராதவர்களோடு நீதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நான் தூக்கு கூடாது என்கிறவன், உனக்குத் தெரியும். ஆனால் அணி மாறச் சொல்லி இதை எழுதவில்லை. எதைப் படித்துவிட்டுப் பேசப் போகிறாய் என்பதுதான் என் கவலை.

செங்கோன்மை அதிகாரத்துக் குறளைக் கட்டாயம் எடுத்து வைத்திருப்பாய். கொடியவர்களை அரசன் கொலையால் தண்டிப்பதை வள்ளுவர் பயிரில் களை எடுப்பதோடு ஒப்பிட்டார் என்பது உண்மைதான். அவரை வளைத்து என் பக்கம் இழுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் களை எடுக்கப் போகிறவளுக்கு எது களை, எது நெல் என்று கண் பழகியிருக்க வேண்டும். நம் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அந்தக் கண் எவ்வளவு தெளிவு என்று நீயே பார்.

சட்டம் உனக்கு வகுப்பில் வந்திருக்கும். 302 என்று சொல்லிப் பழகிய கொலைப் பிரிவு 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 103. கொலைக்கு ஆயுள்தான் இயல்பான தண்டனை. தூக்கு என்றால் நீதிபதி தனிக் காரணம் எழுத வேண்டும். அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும் தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ‘தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும்’ என்ற வாதத்தில் அதிக நேரம் செலவழிக்காதே. ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு கூடுதலாக அச்சுறுத்துவதில்லை என்று 2015இல் சட்ட ஆணையம் எழுதிவிட்டது. அந்த அறிக்கையே பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய வழக்குகளில் மட்டும் தூக்கை விட்டுவைத்தது. எதிரணி அந்த அறிக்கையைப் பிடித்துக்கொள்ளும், தயாராக இரு.

உன் கோபத்துக்கு உகந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2017இல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். தமிழ்நாடே கொதித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இவ்வளவு வேகமாக நீதி கிடைத்ததே என்று எல்லோரும் மெச்சினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த மனிதனை விடுதலை செய்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவனுக்குச் சட்ட உதவி வக்கீல் வந்ததே தாமதம். வந்தவருக்கு வழக்கைப் படிக்கப் போதிய அவகாசம் இல்லை. முக்கியச் சான்றென்று சொல்லப்பட்ட சிசிடிவி பதிவைக் கோர்ட்டில் உரிய முறையில் வைக்கவில்லை.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது, சொல். அவன் செய்யவில்லை என்றால், செய்தவன் யாரென்று இன்றுவரை நமக்குத் தெரியாது. அவன்தான் செய்தான் என்றால், அவனைத் தப்பவிட்டது அந்த அவசரம். சிறுமியின் பெற்றோருக்கு இரண்டு வழியிலும் ஒன்றுமில்லை. அந்த அவசரத்தை யார் உண்டாக்கியது? ‘உடனே தூக்கில் போடு’ என்று தெருவில் கத்தியவர்களுக்கும் தொலைக்காட்சியில் கத்தியவர்களுக்கும் அதில் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கு வேண்டும் என்ற கூச்சலே விசாரணையைக் கெடுத்துவிடுகிறது. இதற்கு உன் அணி என்ன பதில் வைத்திருக்கிறது?

நீ பிறப்பதற்கு முந்தைய வழக்கு ஒன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதித்தது, ஒருவர் மிச்சமில்லாமல். அடுத்த ஆண்டு மே மாதம் அதே சாட்சியங்களைப் பார்த்த உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் தூக்கை வைத்துக்கொண்டு, மூவருக்கு ஆயுள் கொடுத்து, மீதிப் பத்தொன்பது பேரை வெளியே அனுப்பியது. அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. வெடிகுண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. சாதாரணச் சட்டத்தில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது, அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் செல்லுபடியானது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அந்தப் பையன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்களே, அது நடந்திருந்தால் அந்த அதிகாரி யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம்.

இனி சொல்வது என் அணிக்கு உவப்பாக இராது.

2011 ஆகஸ்டில் பேரறிவாளன் உள்ளிட்ட மூவரின் தூக்குக்கு எதிராகத் தமிழ்நாடு எழுந்து நின்றது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிர்விட்டாள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தர்மபுரி பஸ் எரிப்பு வழக்கில் மூன்று பேரின் தூக்கை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. 2000 பிப்ரவரியில், ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை கிடைத்த ஆத்திரத்தில் கட்சிக்காரர்கள் கல்லூரிப் பேருந்துக்குத் தீவைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உள்ளேயே கருகிப்போனார்கள். தூக்கு உறுதியான அந்த மூன்று பேரின் உயிருக்காக எத்தனை ஊர்வலம் போனது? எல்லாத் தூக்கையும் எதிர்த்த சிலர் அப்போதும் பேசினார்கள், அவர்களை வணங்குகிறேன். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. 2016இல் அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைந்து, 2018இல் அவர்கள் வெளியே வந்தபோது, தூக்கு எதிர்ப்புக் கூட்டங்களில் பார்த்த முகங்கள் சிலவும் பல்லைக் கடித்ததைக் கண்டேன். நம்மவன் என்றால் கருணை, வேண்டாதவன் என்றால் கயிறு. இப்படிப்பட்டவர்கள் கையில், அவர்கள் நீதிபதியாக இருந்தாலும் சரி, அமைச்சரவையாக இருந்தாலும் சரி, உயிரெடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கலாமா என்று யோசி.

அதனால் எந்த அணியில் பேசினாலும் உனக்கு வசதியான குற்றவாளியை எடுத்துக்கொள்ளாதே. தூக்கு வேண்டும் என்றால் பேரறிவாளனை வைத்துப் பேசு. வேண்டாம் என்றால் தர்மபுரியை வைத்துப் பேசு. தர்மபுரியைப் பற்றி என்னைக் கேட்டால், அந்த மூவர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்திருக்கக் கூடாது என்பேன். தூக்கில் தொங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் நடுவே இடமிருக்கிறது.

அந்த இடத்தைத்தான் பட்டிமன்றங்களில் யாரும் தொடுவதில்லை. ‘தூக்கு இல்லையென்றால் பதினாலு வருஷத்தில் வந்துவிடுவான்’ என்பார்கள். ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான், குறைப்பது அரசின் விருப்பம். தூக்குக்குப் பதிலாக, இத்தனை ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கிடையாது என்று தீர்ப்பிலேயே எழுதலாம் என 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அந்தப் பிந்தைய வழக்கு ராஜீவ் கொலை வழக்கிலிருந்து கிளைத்ததுதான் என்பது உனக்குச் சுவையாக இருக்கும்.

படிக்க வேண்டியவை: ராஜீவ் வழக்கின் 1999 தீர்ப்பு, சிறுமி வழக்கின் 2025 அக்டோபர் தீர்ப்பு, பச்சன் சிங் வழக்கில் நீதிபதி பகவதி தனியே எழுதிய மாறுபட்ட தீர்ப்பு. கடைசியது நீளம், விடாதே. செய்தித்தாள் நறுக்குகளைக் கொண்டுபோகாதே. மேடையில் எந்த வழக்கை எடுத்தாலும் செத்தவர்களைப் பற்றி முதலில் பேசிவிட்டுப் பிறகு வாதத்துக்கு வா. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு காவலர்களும் மாலை போட வந்த சாதாரண மக்களும் செத்தார்கள். என் அணிக்காரர்கள் அவர்களை மறந்துவிட்டுப் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எதிரணியில் யாராவது அப்படிப் பேசினால் அந்த இடத்தில் அவர்களை மடக்கு. நான் வருத்தப்படமாட்டேன்.

அன்புடன்,
சித்தப்பா