குளிரில் கிடப்பவருக்கு ஒரு குல்லா

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாசா என்றொரு சிறு நகரம். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகிற ஊர். அங்கே நூல் கடை நடத்திவந்த ஈவி ரோசன், இல்லாதவர்களுக்குப் போர்வை பின்னித் தருவதற்காக 1991-ல் தொடங்கியதுதான் ‘வார்ம் அப் அமெரிக்கா’. மனம் இருந்தாலும் முழுப் போர்வையைப் பின்னி முடிக்கப் பலருக்கும் நேரம் வாய்ப்பதில்லை என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் கேட்டது, 7 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் உள்ள ஒரு துண்டு மட்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் நூலே போதும். அப்படி 49 துண்டுகளை இணைத்தால் ஒருவர் போர்த்திக்கொள்ளப் போர்வை தயார்.

சென்னையிலும் இதே கூட்டு உழைப்பு நடந்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுப் பெண்கள் 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதைத் தனித்தனிப் போர்வைகளாகப் பிரித்துத் தேவைப்படுவோருக்கே கொடுத்தார்கள். சாதனையைவிட இதுதான் பெரிது என்பேன்.

தானத்துக்குப் பின்னும்போது முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது நம் ரசனையை. பூ விரிந்தாற்போன்ற ‘கிரானி ஸ்கொயர்’ என்ற சதுரக் குரோஷா பின்னல் பார்க்க அழகு. ஆனால் அதன் ஒவ்வொரு துளையிலும் காற்று புகும். பின்னிய மஃப்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் குளிர்காற்றும் அந்த வழியாகவே வரும். குரோஷா என்றால் நெருக்கமான சிங்கிள் குரோஷே போடலாம். இல்லையென்றால் இரண்டு அடுக்காகப் பின்னலாம்.

நூல் விஷயத்தில் பலரும் சறுக்குவார்கள். தானம்தானே, உயர்ந்ததாகக் கொடுப்போம் என்று சுத்தக் கம்பளி நூலை வாங்குவார்கள். வீடற்றோர் இரவில் தங்கும் விடுதிகளில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து எல்லாத் துணியையும் கடும் சூட்டில் மெஷினில் போடுவார்கள். சாதாரணக் கம்பளி அதில் சுருங்கி இறுகி, பெரியவர் குல்லா குழந்தைக்குக்கூடப் போதாமல் போய்விடும். அக்ரிலிக் அந்தச் சலவையைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் விடுதிக்கே போகாமல் திறந்தவெளியில் படுப்பவர்கள் பனியிலும் மழையிலும் நனைகிறார்கள். நனைந்தாலும் சூட்டைக் காப்பது கம்பளிதான். நெருப்பு மூட்டிக் குளிர்காயும்போது அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சலவையில் சுருங்காதபடி பதப்படுத்திய ‘சூப்பர்வாஷ்’ கம்பளி இரண்டுக்கும் நடுவே நல்ல வழி, விலைதான் கூடுதல். என் கணக்கு இது: போர்வைக்கும் குல்லாவுக்கும் அக்ரிலிக், காலுறைக்கும் கையுறைக்கும் சூப்பர்வாஷ். பருத்தி வேண்டவே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பையே குளிரவைக்கும்.

பெரியவர்களின் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 22 அங்குலத்தை ஒட்டியிருக்கும். குல்லாவை 20 அங்குலத்துக்குப் பின்னினால்தான் தலையைக் கவ்விப் பிடிக்கும். விளிம்பில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் பின்னல் போட்டு, காதை முழுக்க மூடும் அளவுக்கு இறக்கிவிடுங்கள். முடித்ததும் அந்த விளிம்பை முழங்காலில் மாட்டி இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் பிரித்துவிட்டு ஒரு அளவு சின்ன ஊசியில் மறுபடி பின்னுவதே நல்லது. நூல் முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டக் கூடாது. இரண்டு மூன்று திசைகளில் பின்னலுக்குள் கோத்து ஒளித்துவிட வேண்டும். மாற்றுடுப்பு இல்லாதவர் அதை இரவும் பகலும் போட்டிருப்பார், அவ்வளவுக்கும் தாங்க வேண்டும்.

நிறம் சின்ன விஷயமல்ல. அழுக்குத் தெரியாத கருநீலம், சாம்பல், அடர்பச்சை, காப்பிக்கொட்டை நிறம் எல்லாருக்கும் பொருந்தும். இரவில் ஒதுங்கிப் படுப்பவர்கள் பலர் யார் கண்ணிலும் படாமல் இருக்கவே விரும்புவார்கள், அவர்களுக்குப் பளிச்சிடும் மஞ்சள் தொந்தரவு. மணி, பொத்தான், சரிகை எதுவும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் வாசனையில்லாத சோப்பில் ஒருமுறை துவைத்து, எப்படித் துவைக்கலாம் என்று சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் பிளாஸ்டிக் பைகளையும் பயன்படுத்தலாம். கேரி பேக்குகளைப் பட்டையாக வெட்டி, நூல்போலக் கோத்துக் குரோஷாவில் பாய் பின்னுகிறார்கள். ஒரு பாய்க்கு 500 முதல் 700 பைகள் பிடிக்கும். ஈரத்தரையிலிருந்து முதுகைக் காக்கும் இந்தப் பாய் சுருட்டித் தோளில் மாட்டவும் லேசானது.

நூல் வாங்கப் போவதற்கு முன் உங்கள் ஊர் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். குல்லாக்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் காலுறைக்குத் தவிப்பு இருக்கலாம். குளிர் வந்த பிறகு பின்னத் தொடங்கினால் போய்ச் சேர்வதற்குள் பாதிக் குளிர் கழிந்துவிடும். வெயில் இருக்கும்போதே ஊசியை எடுங்கள்.